அவசரம் லேதண்டி

"நான்னா, மா க்ரெச் கூல்ச்சேஸ்தாரண்ட" என்று என் மகள்தான் முதலில் வந்து சொன்னாள். எங்கள் க்ரெச்சை இடிக்கப்போகிறார்களாம் அப்பா என்று அர்த்தம். அப்போது அவளுக்கு நான்கு வயது. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள். ஏதோ பொருட்காட்சி வரப்போகிறது என்பதுபோல அவ்வளவு குஷி அவளுக்கு.

சிகந்திராபாத் மெட்டுகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸைத் தாண்டினால் மாநகராட்சியின் பழைய கம்யூனிட்டி ஹால் வரும். நடுவில் கல்யாணத்துக்கும் வார்டு கூட்டத்துக்குமான பெரிய கூடம். ரோட்டுப் பக்கம் இரண்டு அறைகள். அந்த இரண்டு அறைகளில்தான் டீச்சர் க்ரெச் நடத்தினார். குழந்தைகள் காப்பகம் என்று நான் எழுதலாம், ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும் புரியாது. காலையில் வேலைக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஓடுவார்கள். டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவர், நர்ஸ், துணிக்கடையில் நிற்பவர், ஐ.டி. கம்பெனிக்கு மெட்ரோ பிடிப்பவர், எல்லோரும்தான். என் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேப்பில் காலை ஷிப்ட். எனக்கு ஜீடிமெட்லாவில் மருந்து கம்பெனி வேலை. ஏழு மணிக்குக் கம்பெனி பஸ். கோவில்பட்டியிலிருந்து வந்து நான்கு வருடம். இந்த ஊரில் எங்களுக்கு என்று பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடையாது. க்ரெச் இல்லையென்றால் எங்களில் ஒருவர் வேலையை விட வேண்டும். அங்கே வருகிற முக்கால்வாசி அம்மாக்களின் கதையும் அதுதான்.

டீச்சர் சிகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர். அறுபதை ஒட்டிய வயது. பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் பார்க்க வந்தவர். அவருடைய தமிழில் தெலுங்கும் உருதுவும் இங்கிலீஷும் கலந்து கிடக்கும். முதல் நாள் மகளை விட்டபோது அவள் கதறிய கதறலில் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். டீச்சர் வெளியே வந்து பார்த்தார்.

"கைக்கு தம்பி, எதுக்கு இப்படி சுத்துறே? பிள்ளை எப்பவோ அழுகைய நிறுத்திருச்சு. நீதான் நிறுத்தல. ஆபீஸ் போ பா."

அதுதான் என் சுபாவம். எனக்கு உட்கார்ந்த இடத்தில் உட்காரத் தெரியாது. அடுத்தவர் காரியம் என்றாலும் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் போய் நிற்பேன். "உங்களை யாரு கேட்டா?" என்பது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது விழுகிற வசனம்.

சரி, இடிக்கிற கதைக்கு வருகிறேன். மாநகராட்சியிடம் இடம் இருந்தது, கட்டப் பணம் இல்லை. பில்டரிடம் பணம் இருந்தது, ரோட்டை ஒட்டிய இடம் இல்லை. ஹாலை இடித்துவிட்டு ஐந்து மாடி கட்டுவது, பாதி பில்டருக்குக் கடைகளாக, பாதி மாநகராட்சிக்குப் புது ஹாலாகவும் ஆபீஸாகவும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எந்தப் பாதி யாருக்கு என்பதில் ஒரு வருடமாகப் பேச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முட்டிக்கொண்ட இடம் தரைத்தளம். ஏற்கெனவே ஹாலில் இருப்பவர்களுக்கு உன் பங்கிலிருந்து தரைத்தளத்தில் இடம் கொடு என்றது மாநகராட்சி. ரோட்டுப் பக்கம் ஒரு அடியும் தரமாட்டேன், மூன்றாவது மாடிக்குப் போகச் சொல் என்றார் பில்டர். ஏற்கெனவே ஹாலில் இருப்பவர்கள் என்றால் வேறு யாருமில்லை, டீச்சரும் அவருடைய இரண்டு அறைகளும்தான்.

தவழ்கிற பிள்ளைகளை மூன்றாவது மாடியில் வைத்து நடத்த முடியுமா? லைசென்ஸே கிடைக்காது. ஆகவே டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார். தரைத்தளம், அதே இரண்டு அறை. விண்ணப்பம் மேல் விண்ணப்பம் எழுதினார். கடைசியில் இரண்டு தரப்பையும் உட்கார வைத்து ஒரு கூட்டம் என்று அறிவித்தார்கள். அந்தத் தேதியைப் பார்த்து டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன்.

"நான் போறேன் டீச்சர்" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

டீச்சர் யோசித்தார். "தெலுங்குல பேசுவாங்க தம்பி."

"எனக்குத் தெலுங்கு தெரியும் டீச்சர். காய்காரம்மாகிட்ட, ஆட்டோகாரர்கிட்ட எல்லாம் நான்தான் பேசுறேன்."

உண்மைதான். காவாலா, வத்து, எந்த, தக்கிஞ்சண்டி. வேண்டுமா, வேண்டாம், எவ்வளவு, குறைங்க. இந்த நான்கு வார்த்தையில் நான்கு வருடம் ஓடியிருந்தது. கம்பெனியில் இங்கிலீஷும் ஹிந்தியும்தான். மீதித் தெலுங்கைத் தமிழோடு ஒரு 'அண்டி' சேர்த்துச் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். பாதி வார்த்தைகள் ஒன்றுதானே என்று கம்பெனியில் மற்றவர்களுக்கு வேறு வகுப்பு எடுத்திருக்கிறேன். என் வாய்க்கொழுப்பு.

"ஹவ்... சரி. ரொம்பப் பேசாதே பா. கிரவுண்ட் ஃப்ளோர் வேணும், அவ்ளோதான். சண்டை நக்கோ. சாஃப்ட்டா போ" என்றார் டீச்சர்.

சண்டை வேண்டாம் என்றாரே, அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மண்டல அலுவலகத்தில் நீளமான மேஜை. ஏ.சி. கொன்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் மாநகராட்சி அதிகாரி, ஐம்பது வயது இருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் பில்டர் அனுப்பிய நீலச் சட்டை இளைஞர், சிரித்த முகம். நடுவில் வரைபடம். ஒரு பெண் போனை மேஜையில் வைத்துப் பேச்சைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வருகைத்தாளில் என் பெயரை எழுதி 'க்ரெச் சார்பில்' என்று பெருமையாக ஒரு கையெழுத்தும் போட்டேன். ஒரு மணி நேரம் சதுர அடி, பார்க்கிங், ராம்ப் என்று தெலுங்கில் ஓடியது. எனக்குப் பாதி புரிந்தது, மீதிக்குத் தலையாட்டினேன். நாற்காலியில் உட்கார முடியாமல் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

திடீரென்று அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"கொத்த பில்டிங்லோ மீக்கு ரூம்ஸ் அவசரமா அண்டி?"

எனக்குப் புரிந்துவிட்டது! எல்லாம் தெரிந்த வார்த்தை. புதுக் கட்டடத்தில் உங்களுக்கு அறைகள் அவசரமா? ஆகா, கொடுப்பதென்று முடிவாகிவிட்டது, எப்போது வேண்டும் என்றுதான் கேட்கிறார். டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. சண்டை நக்கோ, சாஃப்ட்டா போ. பறக்காவெட்டிபோல நடந்துகொள்ளக் கூடாது. முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு சொன்னேன்.

"அவசரம் லேதண்டி. முந்து மீரு பில்டிங் கட்டண்டி."

அவசரம் இல்லைங்க, முதலில் நீங்கள் கட்டடத்தைக் கட்டுங்கள். எவ்வளவு பெருந்தன்மை! அதிகாரி கண்ணாடியைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "நிஜங்கானா? அசலு அவசரம் லேதா?" நிஜமாகவா, கொஞ்சம்கூட இல்லையா என்கிறார்.

"அசலு லேது சார்" என்றேன் கம்பீரமாக.

நீலச் சட்டைக்காரர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சமோசாத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். இவ்வளவு நல்ல மனுஷர்களையா நாம் தப்பாக நினைத்தோம் என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. இரண்டு சமோசா சாப்பிட்டேன். வெளியே வந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு கண்ணில் கட்டுப் போட்டுப் படுத்திருந்த டீச்சரிடம் "முடிஞ்சது டீச்சர், கவலையை விடுங்க" என்றேன். அவர் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். சே! அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

ஆறு வாரம் கழித்து ஹால் சுவரில் புது வரைபடத்தை ஒட்டினார்கள். டீச்சரின் அறைகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஏ.டி.எம்., பக்கத்தில் கார் இறங்குகிற சரிவு. க்ரெச் எந்த மாடியிலும் இல்லை. மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாக விரலை வைத்துத் தேடினேன். மொட்டை மாடியில்கூட இல்லை. டீச்சர் கேட்டு வாங்கிய கூட்டக் குறிப்பில் ஒரே ஒரு வரி இருந்தது: க்ரெச்சின் பிரதிநிதி தங்களுக்கு இடம் தேவையில்லை என்று தெரிவித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிராடுகள்! சமோசா கொடுத்துக் கழுத்தை அறுத்துவிட்டார்களே! மருந்து கம்பெனியில் எனக்கு உத்தியோகமே பதிவேடுகளைச் சரிபார்ப்பதுதான். ஒரு எழுத்துப் பிழைக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுத வைப்பவன். என்னிடமே பொய்க் குறிப்பா? லீவு போட்டேன். டீச்சரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் டீச்சர் "மெதுவா பா, மெதுவா" என்றார். நான் ஆட்டோவுக்குள்ளேயே எழுந்து நிற்காத குறை.

அதிகாரியின் மேஜையில் தட்டி இங்கிலீஷில் கத்தினேன். பொய், மோசடி, கோர்ட்டுக்குப் போவேன். அவர் குறுக்கே பேசவில்லை. நான் மூச்சு வாங்கியபோது, பேச்சைப் பதிவு செய்த பெண்ணைக் கூப்பிட்டார். அந்தப் பெண் போனில் தேடி, ஒலியைக் கூட்டி, மேஜையில் வைத்தார்.

என் குரல்தான். தெளிவாக, கம்பீரமாக. "அவசரம் லேதண்டி. முந்து மீரு பில்டிங் கட்டண்டி."

"பாருங்க!" என்று நான் துள்ளினேன். "கேட்டீங்களா டீச்சர்? இதைத்தானே சொன்னேன்! அவசரம் இல்லைன்னுதானே சொன்னேன்! வேண்டாம்னா சொன்னேன்?"

டீச்சர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அய்யோ பாபா... தம்பி, தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம் பா. உனக்கு ரூம் தேவையான்னு கேட்டிருக்காரு. தேவை இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கே."

"அப்போ அவசரத்துக்கு என்ன?"

"தொந்தர."

"தொந்தரவா?"

"தொந்தர! தொந்தர! ஆபரேஷன் பண்ண கண்ணுல தண்ணி வரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, ஏன் பா என்னை இப்படிப் பண்றே" என்று டீச்சர் கத்தினார். அவர் கத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தமிழில் அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று அதிகாரி கேட்டார். டீச்சர் சொன்னார். அந்த மனிதர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். பக்கத்து அறைக்காரரைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார், அவரும் சிரித்தார். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்காதா என்றிருந்தது. அந்த மனிதர் காவாலா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். காய்காரம்மா பேசுகிற தெலுங்கு வேறு, ஆபீஸ் பேசுகிற தெலுங்கு வேறு என்று நான் எங்கே கண்டேன்?

சிரித்து முடித்ததும் அதிகாரி நல்ல மனிதராகத்தான் பேசினார். ஒரு வருடமாக முடியாத பேச்சு அன்றைக்கு முடிந்ததே என் ஒரு வரியால்தான் என்றார். க்ரெச் வேண்டாம் என்றதும் தகராறில் இருந்த இடத்தை அரை மணியில் பிரித்துக்கொண்டார்களாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தும் ஆகிவிட்டது. வார்த்தைக் குழப்பம் என்று மனு கொடுத்தால் நிற்காது. இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் நான் ஒரே பதிலைச் சொன்னது போனில் இருக்கிறது.

பிறகு டீச்சரிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார். "இவரை உங்கள் பிரதிநிதி என்று எழுதிக் கொடுத்தீர்களா அம்மா?"

"இல்ல சார். வாயால சொன்னதுதான்."

"அப்படியானால் இவர் யார்?"

கேள்வி எனக்குப் புரியவில்லை. டீச்சருக்கு உடனே புரிந்துவிட்டது. சம்பந்தமே இல்லாத ஒரு ஆள் தானாக வந்து க்ரெச் சார்பில் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான் என்றால், அவன் சொன்னது க்ரெச் சொன்னதாக ஆகாது. பேச்சைத் திரும்பத் திறக்கலாம். ஆனால் பில்டர் தரப்பு சும்மா இருக்காது, வந்து விசாரிக்கும், பதிவேட்டைப் புரட்டும் என்றார் அதிகாரி. "இவருடைய குழந்தை உங்களிடம் இல்லையே?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"லேது சார்" என்றார் டீச்சர்.

அன்று மாலையே மகளின் பெயர் பதிவேட்டிலிருந்து போயிற்று. சுவரில் ஒட்டியிருந்த அவள் போட்டோ, அவள் கிறுக்கிய ரயில் படம், கொக்கியில் தொங்கிய அவளுடைய பை, எல்லாவற்றையும் டீச்சர் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தார். நான் வெள்ளைத்தாளில் ஒரு வாக்குமூலம் எழுதினேன். எனக்கும் க்ரெச்சுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, எனக்குத் தெலுங்கு தெரியாது. முதல் பாதி பொய், இரண்டாவது பாதி உண்மை. உண்மையை எழுதத்தான் கை கூசியது.

வீட்டில் மனைவி கேட்டாள். "தெரியாத பாஷையில எதுக்குப் பேசுனீய? தெரியலன்னு சொன்னா கிரீடம் எறங்கிருமா?" அவ்வளவுதான். அவள் சாயங்கால ஷிப்டுக்கு மாறினாள். நான் லீவெல்லாம் தீர்த்தேன். மகளை வேறொரு ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். காலையில் அவள் பழைய திருப்பத்தில் கையை இழுப்பாள். "இடு போதாம் நான்னா" என்பாள், இந்தப் பக்கம் போகலாம் அப்பா. க்ரெச் லீவு என்று தினமும் பொய் சொன்னேன். வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தே தேய்ந்தேன். போன் அடித்தால் டீச்சரோ என்று பாய்வேன். நாங்கள் போனில்கூடப் பேசக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

பில்டர் தரப்பு விசாரணைக்கு வருகிற நாள், க்ரெச்சுக்கு வருகிற ஒரு அம்மா சொல்லி எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே போகக் கூடாது என்பதும் தெரிந்திருந்தது. என்ன செய்ய, கால் கேட்கவில்லை. எதிர்ப் பக்க நடைபாதையில் சும்மா நடந்து போய்விடலாம், ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, ப்ளே ஸ்கூல் நேரத்துக்கு முன்னாலேயே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். இதற்கு என்னை யார் திட்டினாலும் தகும்.

ஹால் வாசலில் அதிகாரியும் நீலச் சட்டைக்காரரும் நின்றிருந்தார்கள். நீலச் சட்டைக்காரர் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். டீச்சர் பதிவேட்டைக் காட்டிக்கொண்டிருந்தார். மகள் ஒரே உதறாகக் கையை உதறினாள். ரோட்டில் நல்ல வேளை வண்டி இல்லை. "ஆன்ட்டீ!" என்று கத்திக்கொண்டு ஓடி, டீச்சரின் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

பில்டரின் ஆள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். சிரித்த முகம் அப்படியே இருந்தது. "மேடம், ஈயன மீக்கு தெலுசா?" என்று டீச்சரிடம் கேட்டார். இவரை உங்களுக்குத் தெரியுமா?

"தெலீது" என்றார் டீச்சர். தெரியாது.

"பாப்ப?"

டீச்சரின் புடவையைப் பிடித்திருந்த விரல்களை நான் பார்த்தேன். உள்ளே முப்பது குழந்தைகளாவது இருக்கும். யாரோ ஒரு பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. டீச்சர் கீழே பார்க்கவே இல்லை.

"எவரி பாப்போ ஏமோ" என்றார். யார் பிள்ளையோ என்னவோ. "தீஸ்கெள்ளண்டி சார்." கூட்டிக்கொண்டு போங்கள்.

"ஆன்ட்டி, நேனு" என்றாள் மகள். நான்தான் ஆன்ட்டி. முகத்தை நன்றாகத் தெரிகிற மாதிரி மேலே தூக்கிக் காட்டினாள். விளையாட்டு என்று நினைத்துக் கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள். டீச்சர் அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

மூன்று நாள் கழித்து ஏற்பாட்டை மீறி டீச்சர் போன் செய்தார்.

"பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன் தம்பி. எத்தனை பொய்ன்னு ஃபாதர் கேட்டாரு. எல்லாத்தையும் சொன்னேன். உன்னைத் தெரியாதுன்னு சொன்னது பெருசா வலிக்கல பா. பிள்ளைய..." என்று சொல்லி நிறுத்தினார். போன் காதில் இருந்தது.

அதற்கும் ஒரு மாதம் பின்னால் உத்தரவு வந்தது. தரைத்தளத்தில் பின்பக்கமாக, இரண்டு அறைக்குப் பதில் ஒரே பெரிய அறை. ஒப்பந்தத்தில் துணை ஒப்பந்தம் சேர்த்துக் கையெழுத்தும் ஆயிற்று. டீச்சர் உத்தரவைப் பூசை மேஜையில் வைத்துவிட்டு எனக்குத்தான் முதல் போன் செய்தார். குரலில் பழைய டீச்சர் திரும்பி வந்திருந்தார்.

"கிடைச்சிருச்சு பா! கையெழுத்து ஆயிருச்சு, இனி யாரும் கேக்க மாட்டாங்க. இடிக்கிறதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கு. பிள்ளைய நாளைக்கே கூட்டிட்டு வா. ஹவ், நாளைக்கே!"

இரவெல்லாம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல ஆசைதான். மகளிடம் "நாளைக்கு க்ரெச்" என்று சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காலையில் அவளே தலை சீவக் கொடுத்தாள், அவளே செருப்பு மாட்டினாள். அடம் இல்லை, குதியும் இல்லை.

டீச்சர் வாசலிலேயே காத்திருந்தார். சுவரில் பழைய இடத்தில் அவளுடைய வேறொரு போட்டோவை ஒட்டியிருந்தது எனக்கு வெளியிலிருந்தே தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் மண்டி போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தார். "வா டா கண்ணா" என்றார்.

மகள் என் கையை விட்டாள். ஓடவில்லை. நான்கைந்து எட்டு நடந்து, டீச்சருக்குக் கைக்கெட்டாத தூரத்தில் நின்று, கைகூப்பினாள்.

"நமஸ்தே ஆன்ட்டி" என்றாள். தன் பெயரைச் சொன்னாள். என் பெயரைச் சொன்னாள், அவள் அம்மா பெயரைச் சொன்னாள். தெருவைச் சொன்னாள், வீட்டு நம்பரைச் சொன்னாள், போன் நம்பரை ஒரு எண் விடாமல் சொன்னாள். தொலைந்து போனால் தெரியாதவர்களிடம் இதைத்தான் இந்த வரிசையில் சொல்ல வேண்டும் என்று க்ரெச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டீச்சர் சொல்லிக்கொடுத்திருந்தார்.

டீச்சர் மண்டி போட்டபடியே கடைசி எண்வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்.